ஹெட்போன் பஞ்சில் உன் அத்தர்

இன்று மத்தியானம் கடைசி கேபினில் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பெண் ஹெட்போனைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்ண்ணா, இதுல என்ன சென்ட்டு அடிச்சு வெச்சிருக்கீங்க? தலையெல்லாம் மணக்குது."

வாங்கி முகர்ந்தேன். உன் அத்தர். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகுமுன் காதுக்குப் பின்னால் தடவிக்கொள்வாயே, அந்த மரிக்கொழுந்து. நீ போய்விட்டாய், அது மட்டும் பஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேறு ஹெட்போன் கொடுத்தேன். "பஞ்சை மாத்திருங்கண்ணா" என்றாள். சரிங்க என்றேன். மாற்றப்போவதில்லை.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இதை டைப் செய்கிறேன். உன் மெயிலுக்கே அனுப்பலாம் என்று பார்த்தேன். பாஸ்வேர்டை மறந்து மறந்து என்னிடமே வந்து கேட்டவன் நீ, இனி எங்கே போய் அதைத் திறக்கப் போகிறாய்? இருந்தாலும் எழுதுகிறேன்.

உக்கடத்தில் நாம் இந்த ப்ரௌசிங் சென்டரைத் திறந்தபோது எனக்கு நெட் என்றால் பைத்தியம். உனக்கே தெரியும். நீ மெஷினைக் கழற்றி மாட்டுவாய், நான் மோடம் கத்தி முடிக்கும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம், அதிலிருந்து இன்னொன்று என்று நானே போய்ப் போய், ஒரு நாள் செல்ஃப் ஹீலிங்கில் விழுந்தேன். மனதை நாமே குணப்படுத்திக்கொள்ளலாமாம்! மூச்சைக் கவனிப்பது, கண்ணாடி முன்னால் நின்று 'என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்வது, பழைய வலியை ஒரு பலூனாக நினைத்து விட்டுவிடுவது. பிரின்ட் எடுத்து எடுத்து ரிப்பன் தேய்ந்துபோனது. படித்ததையெல்லாம் முதலில் உன்மேல்தான் முயற்சி செய்தேன்.

நீ சாயங்காலத் தொழுகை முடித்து வந்து, அந்தப் பச்சை ஒயர் சேரில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் கேட்டேன், என்ன செய்கிறாய் என்று.

"என்னை நானே விசாரிக்கறேன்டா. காலைலருந்து யாரைப் பத்தி என்ன பேசினேன், எதுக்குப் பேசினேன்னு. தினமும் கூட்டலீன்னா ஊட்டுக்குள்ள குப்பை சேருதல்ல, கல்பும் அப்படித்தான்."

கல்பு என்றால் இதயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட, இதுவும் அதுவும் ஒன்றேதான் என்று குதித்தேன். உடனே ஒரு வெப் பேஜ் போடப் போவதாக அறிவித்தேன். இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. இறைவன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் உன் திக்ருக்கு என் தியானம். உன் நோன்புக்கு என் உபவாச சிகிச்சை. செய்த தப்பிலிருந்து திரும்பி வருகிற உன் தவ்பாவுக்கு என் பலூன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எல்லாத்துக்கும் ஜோடி சேத்திப்போட்டயா? பேசாம கல்யாண புரோக்கராப் போயிரு மாப்ள."

"சிரிக்காதடா. எது பொருந்தல, சொல்லு பாக்கலாம்."

"தவ்பா பொருந்தாது. உன்ற பேப்பர்ல எல்லாமே ஒரே ஆளோட முடிஞ்சுபோகுது. அவனே நோகறான், அவனே மன்னிச்சுக்கறான், அவனே நல்லாயிடறான். எங்கள்ல, அடுத்தவங்களுக்குச் செஞ்ச தப்புன்னா அவங்க பொறுத்துக்கோணும். அல்லா அவனோட பங்கை மன்னிச்சிருவான். அவங்க பங்கை அவங்கதான் மன்னிக்கோணும்."

அந்த 'அவங்க' யார் என்று அன்றைக்கு நீ சொல்லவில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உன் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. படி ஏறினால் இரைத்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் நீ ஜமீலாவைப் பற்றிச் சொன்னாய். உடுமலையில் இருக்கிற உன் மாமா மகள். உனக்கு முறைப்பெண். அவளுக்கு ஒரு நல்ல இடம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை துபாயில் வேலை. உடுமலையில் நடந்த ஏதோ ஒரு நிக்காஹ் விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா உன் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். நீ பேச்சோடு பேச்சாக, 'எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிருங்க, சின்ன வயசுல அதுக்கு வலிப்பு வரும்' என்று சொல்லிவிட்டாய். அவளுக்கு வலிப்பே கிடையாது. ஒரு பெருநாளன்று வெயிலில் நின்று மயங்கி விழுந்தவள், அவ்வளவுதான். சம்பந்தம் கலைந்தது. அடுத்து வந்த இடங்களுக்கும் அந்தப் பேச்சு முன்னால் போய் நின்றது.

"விளையாட்டுக்குச் சொன்னேன்னுதான் ரொம்ப நாளா என்கிட்டயே சொல்லிட்டிருந்தேன்" என்றாய். "சேர்ல உக்காந்து விசாரிச்சு விசாரிச்சுப் பாத்தா, விளையாட்டு இல்லடா. பொறாமை. அவளை எனக்குக் கேப்பாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். நெஞ்சு வால்வு கெட்டவனுக்கு யாரு கேப்பா?"

எனக்கு உடனே ஒரு பயிற்சி ஞாபகம் வந்தது! பச்சை சேரை இழுத்து உனக்கு எதிரில் போட்டேன். "இதுல ஜமீலா உக்காந்திருக்கான்னு நெனச்சுக்க. மனசுல இருக்கறதைக் கொட்டிரு. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் பண்றாங்க."

நீ அந்த சேரையே பார்த்தாய். "சேரு பொறுத்துக்கிச்சுன்னா அல்லா ஒத்துக்குவானாடா?" இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நீ சிரிக்கவில்லை. "நேர்ல போகோணும்" என்றாய்.

ஒரு வெள்ளிக்கிழமை உடுமலை பஸ் ஏறினோம். பொய் சொன்ன ஊரிலேயே, அதைக் கேட்டவர்கள் முன்னாலேயே அது பொய் என்று சொல்லிவிட வேண்டும், அதன் பிறகு அவளிடம் போக வேண்டும். இதுதான் உன் திட்டம். எனக்கு அது மிகப் பெரிய வீரமாகத் தெரிந்தது. தொழுகை முடியும்வரை பள்ளிவாசலுக்கு எதிரில் இளநீர்க் கடை நிழலில் நின்றேன். திடீரென்று ஸ்பீக்கரில் உன் குரல். நீ மைக் வேண்டாம் என்றுதான் சொன்னாயாம். சத்தமாகப் பேச உனக்கு மூச்சு பத்தாது என்று தொழுகை நடத்திய ஹஜ்ரத்துதான் இரக்கப்பட்டு உன் பக்கம் நகர்த்தியிருக்கிறார். அவள் பேரையும், அவள் அத்தாவான உன் மாமா பேரையும், வலிப்பு என்ற வார்த்தையையும் உன் இரைப்போடு சேர்த்துத் தெருவே கேட்டது. இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆரு தம்பி அந்தப் புள்ள?"

அவள் வீட்டுக்கு நாம் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. கதவைத் திறந்தவள் ஜமீலாவேதான். நர்சரி ஸ்கூல் டீச்சர் அல்லவா, வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் ஜமீலா. பொறுத்துக்க."

"எது? அன்னிக்குப் பண்ணுனதா, இன்னிக்குப் பண்ணுனதா?"

நீ கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாய்.

"ஊரு மறந்தே போயிருந்துச்சு. என்ற ஸ்கூல்ல படிக்கிற புள்ளைகளோட அம்மாக்களுக்கு அது தெரியவே தெரியாது. இப்ப மைக்கு போட்டுச் சொல்லிட்ட. நாளைக்கு ஒவ்வொருத்தியும் வந்து, பாவம் டீச்சர்னு என்ற மூஞ்சியையே பாப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் சும்மா இருக்காமல் நடுவில் புகுந்தேன். "இல்லீங்க, அவன் மனசைச் சுத்தப்படுத்திக்கத்தான்…"

"நீங்க யாருங்க? சேக்காளியா? ரெண்டு பேருமாச் சேந்து உங்க மனசைக் கழுவிட்டிருக்கீங்க. கழுவுன தண்ணி என்ற வாசல்ல வந்து நிக்குது." அப்புறம் உன்னைப் பார்த்துச் சொன்னாள். "பொறுக்கமாட்டேன். போ."

உள்ளேயிருந்து உன் மாமி, "அவனுக்கு ஆபரேஷன்டி கண்ணு" என்றார். "அதுக்கு?" என்றாள் அவள். அந்த 'அதுக்கு' எனக்கு இன்னும் கேட்கிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில், பொள்ளாச்சி தாண்டும்வரை நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான்தான் என் பிரின்ட் எடுத்த ஞானத்தையெல்லாம் உன்மேல் கொட்டினேன். நீ உன் பங்கைச் செய்துவிட்டாய், இனி அது அவள் பிரச்சனை, பலூனை விட்டுவிடு என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய். "அவ சொன்னது சரிடா. நான் சுத்தமாகறதுக்கு அவளை மறுக்கா அழுக்காக்கிட்டேன். இன்னொரு தடவை போய்க் கேக்கமாட்டேன். கேக்கறதே தொந்தரவுதான். அவளுக்காக அல்லாகிட்டத் துவா மட்டும் கேட்டுக்கறேன். பொறுத்துக்கோணும்னு இல்ல. நல்லா இருக்கோணும்னு."

அந்த இடத்தில் என் வெப் பேஜ் செத்துப்போனது. இடது பக்கம், வலது பக்கம் இரண்டையும் வாசலில் நின்று ஒரே வாக்கியத்தில் அடித்துவிட்டாளே அவள்!

ஆனால் என் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் நீ எடுத்துக்கொண்டாய். மூச்சு. சாயங்காலங்களில் நெஞ்சு இறுகும்போது அந்தக் கடைசி கேபின் ஹெட்போனை வாக்மேனில் செருகி, நான் வாங்கி வைத்திருந்த மூச்சுப் பயிற்சிக் கேசட்டைப் போட்டுக்கொண்டு சேரில் சாய்ந்திருப்பாய். ஒரு நாள் ஒரு காதைத் திறந்து சொன்னாய். "உன்ற மூச்சு நல்லா வேலை செய்யுதுடா. இழுக்கறப்ப நீ சொன்ன மாதிரி இழுத்துக்கறேன். விடறப்ப அல்லான்னு விடறேன். உன்ற பாதி, என்ற பாதி." கேசட்டில் பேசிய ஆளுக்கு இது தெரிந்தால் கோபித்துக்கொள்வானா என்று கேட்டேன். "அவனும் மூச்சு விடோணுமல்ல" என்றாய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அப்புறம் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் உன் அத்தா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்யும் நாளில், கடைசித் தொழுகைக்கு முன்னால் உன் அத்தா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ற மகன் உங்கள்ல யாருக்காவது மனசு நோக நடந்திருந்தா, பேசியிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க." எல்லோரும் ஒரே குரலில், பொறுத்துக்கிட்டோம் என்றார்கள். தொழத் தெரியாத நானும் ஓரமாக நின்றபடி சொன்னேன். அத்தனை குரலிலும் ஜமீலாவின் ஒரு குரல் குறைந்தது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

போன வாரம் உன் மாமியும் ஜமீலாவும் கடைக்கு வந்தார்கள். ஜமீலா உள்ளே வந்து கேபின்களையெல்லாம் பார்த்தாள். "அவன் எங்க உக்காருவான்?" என்றாள். பச்சை சேரைக் காட்டினேன். அவள் அதில் உட்காரவில்லை. முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு விடியால தொழுதுட்டு இருக்கறப்பவே பொறுத்துட்டேனுங்க" என்றாள்.

"அன்னிக்கேவா? ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க."

"பண்ணலாம்னு ரிசீவரைக்கூட எடுத்தேன். அவ்வளவு சுளுவா உட்ரக்கூடாதுன்னு வெச்சுப்போட்டேன். பொழைச்சு வரட்டும், நேர்ல நல்லாத் திட்டிப்போட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேனுங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன திட்டறதுன்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."

மாமி அவள் தோளைத் தொட்டார். நான் பைத்தியக்காரன் மாதிரி சேரைக் காட்டி, "இதுல அவன் இருக்கான்னு நெனச்சுச் சொல்லுங்க, மனசு லேசாகும்" என்றேன். அவள் கோபப்படவில்லை. சேரின் அறுந்த ஒயர் ஒன்றை உள்ளே செருகிவிட்டுச் சொன்னாள். "சேருகிட்ட எதுக்குங்க? சொல்ல வேண்டியது அல்லாகிட்ட, சொல்லிட்டேன். அவனுக்கு அது சேந்திருக்கும்."

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் அச்சுத் தாள்களில் இதற்கு ஒரு பயிற்சியும் இல்லை. அவளுடைய அல்லா உன் பேரிலிருந்து அதைத் துடைத்திருப்பான், சரி. ஆனால் நீ ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளப்பட்டபோது அது துடைக்கப்பட்டது தெரியாமலே போனாயே! மயக்க ஊசி போடுமுன் உன் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். உன் அத்தா சொன்னார். அவளுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய். அதே விடியலில் அவள் உடுமலையில் உனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு போன் மட்டும் அடிக்கவில்லை.

இன்று அந்தக் காலேஜ் பெண் போன பிறகு கடைசி கேபினில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கேசட் எதுவும் போடவில்லை. எனக்கு உன் தொழுகை தெரியாது. பலூன் விடவும் இப்போது மனசு வரவில்லை. நீ பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தாயே, அந்த மூச்சு மட்டும்தான் கையில் இருக்கிறது. இழுக்கும்போது மரிக்கொழுந்து. விடும்போது, உனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்கிறேன்: பொறுத்துட்டாடா. அன்னிக்கே பொறுத்துட்டா.