அப்புறம் சொல்றேன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன், கவலை வேண்டாம்.

நேற்று பேராசிரியர் ஏதோ சொல்ல, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இந்த ஊர் மொழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்தவளைக் கேட்டேன். அப்புறம் என்று கையசைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

அன்று பள்ளியில், காது கேளாத அக்காவை என் வகுப்பிலேயே சேர்த்து, "நீதான்டி அவளுக்குக் காது" என்றீர்கள். வகுப்பு சிரிக்கும்போதெல்லாம் அவள் என் கையைச் சுரண்டுவாள். "அப்புறம் சொல்றேன்" என்று நானும் கையசைப்பேன். ஐந்து வருடம், அம்மா. ஒருநாளும் சொன்னதில்லை.

கணக்கு டீச்சர் சொன்ன ஒரே ஒரு ஜோக்தான் நினைவிருக்கிறது. தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அக்காவிடம் கொடுங்கள். இங்கே குளிர், நாங்கள் இருவரும் போர்த்திய போர்வையை அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் சிரித்தாளா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்