ஆயருக்காக எழுதிய கைக்கு விடுதலை

அனுப்புநர்:
திரோபிமோஸ்,
எழுத்துப் பள்ளி ஆசிரியர்,
கம்பளிச் சந்தைத் தெரு,
லித்ரோஸ் நகர், பிரிகியா.

பெறுநர்:
மாண்புமிகு மாகாண ஆளுநர் அவர்கள்,
ஆளுநர் மாளிகை.

பொருள்: ஆயருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டதால் திருச்சபைச் சங்கத்தின் சாபத்துக்கு ஆளான என் வலக்கையை விடுவித்து, என் திருமணத்துக்கு வழிசெய்யக் கோருதல்.

மேன்மை தங்கிய ஐயா,

1. இதுவரை மணமாகாதவனாகிய எனக்கும், அஞ்சல் சாலையில் சத்திரம் நடத்தும் கைம்பெண் அப்பியாவுக்கும் திராட்சை அறுவடை முடிந்ததும் திருமணம் என்று பேசி முடிந்திருக்கிறது. ஆனால் எங்கள் ஆயர் யூஸ்டோக்கியோஸ் ஆசி வழங்க மறுக்கிறார். நான் கள்ளப் போதகத்தைச் சேர்ந்தவனாம். எவ்வாறு சேர்ந்தேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

2. ஆயருக்கு மூட்டுவீக்கம். எழுதுகோலைப் பிடிக்க இயலாது. மதுக் கிண்ணத்தைப் பிடிப்பதில் சிரமம் இருந்ததாக நான் அறியேன். எனவே, முந்தைய பேரரசர் கூட்டிய ஆயர்கள் சங்கத்துக்கு அவருக்காக எழுத என்னை அழைத்துச் சென்றார். கிறிஸ்துவிடம் உள்ள இயல்பு ஒன்றா, அல்லது இறையியல்பு, மனித இயல்பு என இரண்டா என்பது வழக்கு. நற்செய்தி நூலை நடுவில் அரியணையில் வைத்து, முன்னோர்களின் கடிதங்களை வாசித்தார்கள். பிறகு ஒன்று என்றவர்கள் முழங்கினார்கள். இரண்டு என்றவர்களும் முழங்கினார்கள். வாசலில் தடியுடன் நின்ற படைவீரர்களுக்கு முதல் தரப்பின் வாதம் பிடித்திருந்தது போலும். ஒன்று என்று முடிவாயிற்று.

"ஆண்டவரே, போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரெண்டுன்னுதானே பிரசங்கம் பண்ணீங்க?" என்று நான் ஆயரிடம் மெல்லக் கேட்டேன்.

"அந்தத் தடியெல்லாம் பாத்தியாப்பா? பேசாம போடு" என்றார்.

'ஆயர் யூஸ்டோக்கியோஸ், கைவீக்கத்தின் காரணமாக, திரோபிமோஸின் கையால் ஒப்பமிட்டேன்' என்று எழுதினேன்.

3. பேரரசர் காலமானார். புதியவர் புதிய சங்கம் கூட்டினார். இம்முறை அரசு அதிகாரிகளே முன்னிலை வகித்ததால் ஒழுங்கு நன்றாக இருந்தது என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். தடிகள் இல்லை. பழைய நடவடிக்கைகளை உரக்கப் படித்தார்கள். அப்போது ஒன்று என்று ஒப்பமிட்டிருந்த ஆயர்கள் ஒவ்வொருவராக எழுந்து, "தவறிவிட்டோம், மன்னியுங்கள்" என்று சொல்லி, எதிர்ப்பக்க இருக்கைகளுக்கு நடந்தார்கள். எங்கள் ஆயரின் முழங்கால்கள் அன்றுபோல் ஒத்துழைத்ததை நான் கண்டதில்லை.

ஒப்பத்தைப் பற்றி அதிகாரி கேட்டபோது ஆயர் இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். "ஐயா, இந்தக் கையால எழுதி எத்தனையோ வருசமாச்சு. போட்டது அதோ, தூணுக்குப் பக்கத்துல நிக்கிற வாத்தியார்!"

சங்கம் பூரித்தது. "ஆயர் தூயவர்! எழுதிய கைக்குச் சாபம்!" என்று மீண்டும் மீண்டும் முழங்கியது. சுருக்கெழுத்தர்கள் அதை அப்படியே பதிந்தார்கள். முழங்குவதைப் பதிவதுதான் அவர்கள் வேலை. அவர்கள்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை.

4. மன்னிப்புக் கேட்க நானும் எதிர்ப்பக்கம் போகப் பார்த்தேன். வாயிற்காவலர் தோளைப் பிடித்தார். "எங்கய்யா போற? அது ஆயருங்க மன்னிப்புக் கேக்குற பக்கம்." ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்கும் பக்கம் எது என்று கேட்டேன். அப்படி ஒன்றை அமைக்கவில்லை என்றார்.

5. ஊர் திரும்பியபின் ஆயரிடம் முறையிட்டேன். "உனக்கு ஆசி குடுத்தா நான் இன்னும் பழைய பக்கம்தான்னு பேசுவாங்கப்பா. நானே இப்பத்தான் திருந்தியிருக்கேன்" என்று வருத்தத்துடன் சொன்னார். தமக்குக் கீழுள்ள குருக்கள் எவரும் ஆசி வழங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

அப்பியாவின் நிலைப்பாடு இது: "சாமிக்கு இயல்பு எத்தனைன்னு அவங்க பேசி முடிக்கட்டும். எனக்கு ஊர் பாக்க, கோயில்ல, ஆயர் ஆசியோட கல்யாணம் நடக்கணும் வாத்தியாரே. இல்லேன்னா வேண்டாம். மோதிரத்தை எந்தக் கையால போடுறதா இருக்கீங்க?" பக்கத்து ஊர்த் திராட்சைமது வணிகர் ஒருவர், இரு கைகளிலும் சாபம் இல்லாதவர், அண்மைக் காலமாகத் தேவைக்கு அதிகமாகவே அந்தச் சத்திரத்தில் தங்குகிறார் என்பதையும் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

6. தாங்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாபம் விழுந்த சில நாட்களுக்குப்பின், அதே சங்கத்தில், இரண்டு என்னும் புதிய அறிக்கையில் ஆயர்கள் அனைவரும் ஒப்பமிட்டார்கள். எங்கள் ஆயருக்கு அன்றும் கைவீக்கம். "நீயே போடுப்பா, கொஞ்சம் அழகா போடு" என்றார். அழகாகவே போட்டேன், இதே வலக்கையால். மூலப்படி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

ஆகவே, என் கை சபிக்கப்பட்டதென்றால் அந்த ஒப்பம் செல்லாது. ஆயர் இன்னும் பழைய பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். ஒப்பம் செல்லுமென்றால் என் கை தூயது, நான் மணமுடிக்கலாம். முதலாவது முடிவை நான் விரும்பவில்லை. ஆயர் நல்லவர். திருமணப் பாடல்களை அவரைப்போல் பாட இந்த மாகாணத்தில் ஆளில்லை.

7. எனவே இரண்டில் ஒன்றைத் தாங்களே தேர்ந்து, எழுத்துமூலம் ஆயருக்கு அறிவிக்குமாறு மன்றாடுகிறேன். கூடுமானவரை இந்த அறுவடை முடிவதற்குள் அருள வேண்டும். ஏனெனில், மூன்றாவது சங்கம் ஒன்று கூடப்போவதாக அஞ்சல் சாலையில் பேச்சு அடிபடுகிறது. நேற்று மாலை ஆயர் ஒரு கூடை அத்திப்பழத்துடன் ஆள் அனுப்பி, என் கை நலமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

இடம்: லித்ரோஸ்
நாள்: சென்ற சங்கம் கலைந்த மறு ஆண்டு, திராட்சை பறிக்கத் தொடங்கிய வாரம்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
திரோபிமோஸ்