வான் கூரையில் ஐயா கட்டிய கயிறு

மண்கும்பான்,
ஆனி மாதம், 1974.

அன்பு மகன் தில்லைநாதனுக்கு அம்மா எழுதுவது.

நயினை அம்மாளின் காவலில் நீ லண்டனில் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதப் பேனை ஓடவில்லை, தம்பி. உன் ஐயாவின் வயிற்றுக் கட்டியை இனி வெட்டி எடுக்க ஏலாது என்று யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் என்னை வெளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அவரை வீட்டை கொண்டுபோய் விரும்பினதைச் செய்து குடுங்கோ" என்றார். ஐயா விரும்பியது வேறென்ன, வற்றாப்பளை அம்மாள் கோயில் வைகாசிப் பொங்கல்தான். வருஷா வருஷம் போவதுபோல எங்கள் வான் வண்டியில் போய், கோயிலடியில் படங்குக் கூடாரம் கட்டித் தங்கி, அம்மாளுக்குப் பொங்கிவிட்டு வரவேண்டுமாம். சாமான் ஏற்றுவதில் அவருடைய பிடிவாதம் உனக்குத் தெரியாததா? படங்கும் தடிகளும் கூரையில் அடியில், அதற்குமேல் சமையல் கிடாரம் கவிழ்த்து, மண்ணெண்ணெய்ப் போத்தல் அரிசிக்குக் கிட்டவும் வரக்கூடாது, நேர்த்திப் பானை நிலத்தில் படாமல் என் மடியில். வான் ஓட்ட வந்த மார்க்கண்டு மாமா, "அத்தான், நான் கட்டுறன், நீங்கள் இருங்கோ" என்று கெஞ்சினார். இவர் கேட்டால்தானே! "என்ரை கட்டு எப்பவடா அவிழ்ந்தது?" என்று வாங்குப் பலகையில் ஏறி நின்று, மூச்சு வாங்க வாங்கத் தானே இழுத்துக் கட்டினார்.

பண்ணைப் பாலம் தாண்டவில்லை. கடற்காற்று அடித்த அடியில் கயிறு இளகி, படங்கு எழும்பி, கூரையில் இருந்த அவ்வளவும் கடலுக்குள் போய் விழுந்தது. மார்க்கண்டு மாமா இறங்கி ஓடினார். ஐயா இறங்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு இருந்தவர், "வானைத் திருப்பு" என்றார். பானை இருக்கிறது, அங்கே யாரிடமாவது கேட்டு வாங்கிப் பொங்கலாம் என்று நான் அழுதேன். "இஞ்சேரும், என்ரை கையே என்னை விட்டிட்டுது. இனி அம்மாளிட்டை என்னத்தைக் கேக்கிறது?" என்றார். மார்க்கண்டு மாமா வானைத் திருப்பினார். அன்றோடு மருந்தையும் விட்டுவிட்டார்.

ஆனால் விடிந்ததும் வானடிக்குப் போகிறார், தம்பி. மிஞ்சிய பாய்க்கட்டைப் பின் இருக்கையில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, "இழுத்துப் பாரும்" என்று என்னைக் கூப்பிடுகிறார். இழுத்தால் கயிறு கையோடு வருகிறது. "நல்ல இறுக்கம்" என்று சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் அவருக்கு ஒரு மிடறு கஞ்சி இறங்குகிறது. வாற வருஷம் தம்பி வந்து படங்கு கட்டுவான் என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்கிறார். உனக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தாய். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அடுத்த வைகாசிக்கு வருவேன், சாமானெல்லாம் நானே கட்டுவேன் என்று எழுது. அந்த வைகாசி அவருக்கு இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்றாலும் எழுது.

குளிருக்கு நெஞ்சை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அம்மாள் உன்னையாவது கைவிடாமல் வைத்திருக்கட்டும். கெதியாய் ஐயாவின் கடிதத்தைப் போடு, மறந்துவிடாதே. பிந்தினால் அதை நான்தான் வாசிக்க வேண்டிவரும்.

உன் அம்மா,
மீனலோசனி