பிரிஜட் அடித்துவிட்ட வரி

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்,
5 செப்டம்பர் 1984

அன்புள்ள மகன் அருளானந்தத்துக்கு அம்மா எழுதுவது. பஹ்ரைன் வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் நலம். பிரிஜட்டும் நலம் என்று எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து கடைசிவரை படி. உன் மனைவி தனக்கு இரத்தசோகை என்று உனக்கு எழுதியது பொய். அவள் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. இந்த மாதம் இருபதாம் தேதி வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கேள்விப்பட்டால் நீ வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயந்து, சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினாள். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை, உனக்கே தெரியும். இன்று மீறுகிறேன்.

ஜூன் மாதத்திலிருந்தே அவளுக்கு மூச்சு வாங்கியது. லிப்ட் இன்னும் ஆறாவது மாடியோடு நின்றுவிடுகிறது, மீதி இரண்டு மாடியும் நடந்துதான் ஏறுகிறோம். தேக்கா சந்தையிலிருந்து மீனையும் காய்கறியையும் தூக்கிக்கொண்டு வருகிறவள் நாலு படிக்கு ஒரு தரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மேலே வாசலில் நின்றுகொண்டு, என்னடி, படிக்குப் படி செபமாலை சொல்றியா என்று கேட்பேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஆமா அத்தை, உங்க கோபம் தணியணும்ல என்று அவளும் சிரிப்பாள். சோம்பல் என்றே நினைத்தேன். கான்வென்டில் கன்னியர்கள் எங்களை அப்படி வளர்க்கவில்லை, எனக்கு வேறுவிதமாக நினைக்கத் தெரியவில்லை. மாதா பரலோகத்துக்கு எழுந்தேறிய திருநாள் பூசையில் முழந்தாளிட்டவள் எழுந்திருக்க முடியாமல் முன் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் டாக்ஸி பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே சிவகாமசுந்தரி என்று ஓர் இளம் டாக்டர், நல்ல பெண், காகிதத்தில் படம் போட்டே விளக்கினாள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். பத்து வயதில் மூன்று மாதம் பள்ளிக்கே போகவில்லை என்றாள் பிரிஜட். அந்தக் காய்ச்சல்தான் வால்வைச் சுருக்கிக் கெடுத்திருக்கிறதாம். கதவு சரியா சாத்தாத ரூம் மாதிரி ஆண்டி, முன்னால போக வேண்டிய ரத்தம் பாதி பின்னால திரும்பிடுது லா, ஹார்ட் வீங்கிட்டே போகுது, மருந்து மட்டும் பத்தாது என்றாள். இதயத்தை நிறுத்திவிட்டு இரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டு, அந்த வால்வைத் தைத்து, ஒரு வளையம் வைத்து இறுக்குவார்களாம். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு அதுவே போதுமாம். தைத்த பிறகும் ஒழுகினால், அதே மேசையில் அந்த வால்வை வெட்டி எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்க வேண்டும். அதை வைத்தால் ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. பன்றியின் வால்வும் உண்டாம். இந்த வயதில் வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்று பெரிய டாக்டர் அதை விரும்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சம்மதப் படிவத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி, பழுது பார்க்கச் சம்மதம். இரண்டாவது வரி, தேவைப்பட்டால் மாற்று வால்வு வைக்கச் சம்மதம். உன் மனைவி என் பேனாவையே வாங்கி இரண்டாவது வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெரிய டாக்டர் படிவத்தைப் பார்த்தார். கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போல இது, தைத்தும் ஒழுகினால் இவள் இயந்திரத்தை விட்டு உயிரோடு இறங்கமாட்டாள் என்று சொல்லிப் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். பதினேழாம் தேதி திங்கட்கிழமைக்குள் முழுச் சம்மதம் வராவிட்டால் அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருக்க அவளுக்கு அதிக நாள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். படிச்ச பொண்ணா நீ, உயிரை விட அப்படி என்னடி வேணும் உனக்கு என்று கேட்டேன். எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். நீ அனுப்பிய கிறிஸ்மஸ் கார்டுகள், மூன்று வருடத்துக்கு மூன்று. மூன்றிலும் நீ உன் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாய், அடுத்த கிறிஸ்மஸுக்கு வீட்டில் ஒரு தொட்டில் ஆடட்டும் என்று. அவர் இவ்வளவுதான் என்கிட்ட கேட்டிருக்காரு அத்தை என்றாள். பிறகு, நீங்களும் பக்கத்து வீட்டு மாணிக்கம்மா பேத்தி ஞானஸ்நானத்துல எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே, நம்ம வீட்டுல தொட்டில் வாங்கினா துவைச்ச துணிதான் போடணும்னு. நான் மறக்கலை என்றாள். கோபமில்லாமல் சொன்னாள், மகனே. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை. உன் அப்பாவிடம்கூட அவர் கண் மூடும்வரை கேட்டதில்லை. அவளிடம் கேட்டேன். எனக்குப் பேரப்பிள்ளை வேண்டாம், நீ இருந்தால் போதும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொல்லிட்டீங்க அத்தை, அவரு சொல்லலையே என்றாள்.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இங்கே மாலை நான்கு மணிக்கு, ஊருக்குள் போய் வீட்டுக்குப் போன் செய். கடிதம் தாமதமானாலும் ஆகும் என்று, அந்த நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதித் தந்தியும் அனுப்புகிறேன். அவளைத் திட்டாதே, அழாதே. உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதே, கேட்க மரியாதையாக இருக்கும், ஆனால் அவள் அந்த வரியை அடித்தபடியே விட்டுவிடுவாள். பிள்ளை இல்லாமலும் நீ வேண்டும் என்று வாய் திறந்து சொல், அவள் நம்பும்வரை சொல். ஆசை உனக்கு இன்னும் விடவில்லை என்றால் அதில் தவறில்லை, அதை எனக்கு எழுது, நான் தாங்குவேன், அவளிடம் காட்டாதே. கம்பெனியில் லீவு கேட்டுப் பார், கிடைத்தால் உடனே வா. கிடைக்காவிட்டாலும் குரல் வந்தாக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பூசையை விடாதே, பிரிஜட் பெயரைச் சொல்லி அங்குள்ள சாமியாரிடம் ஒரு பூசைக்குக் கேள். ஆண்டவர் உன்னையும் அவளையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

மறந்துவிடாதே: ஞாயிறு, நான்கு மணி. போன் என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நீ பேசும்போது நான் ஒட்டுக்கேட்பேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். அன்று மூன்றரைக்கே கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். ஆறு மணிக்கு முன் வீட்டுக்கு வரமாட்டேன்.

உன் அம்மா,
மதலேனா