பித்தளைப் பின் போட்ட மேலாளருக்கு

ராயபுரம் மாதா கோயில் தெருமுனையில் உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன், சார். பசை இன்னும் காயவில்லை. ‘நேர்மையின் சிகரம்’ என்று போட்டிருந்தார்கள். வேறு யாருக்கோ அடித்த வரி மாறிவிட்டதோ என்று பெயரை இரண்டாம் முறை படித்தேன்.

திருவொற்றியூர்ப் பட்டறையில், போர்விமான ரேடியோ செட்டுகளைச் சரிசெய்யும் பிரிவுக்கு நீங்கள் மேலாளர். வந்துபோகும் செட்டுகளைப் பதிவு செய்பவள் நான். கழற்றிப் பூட்டுபவர் வியாசர்பாடி ஏகாம்பரம். உப்புக்காற்றில் செட்டின் இணைப்புகளில் இருக்கும் பித்தளைப் பின்கள் பச்சை பூத்துவிடும், செட்டு ஊமையாகும், நாம் மறுபடியும் பித்தளையே போட்டு அனுப்புவோம். ஒரே செட்டு ஒரே கோளாறோடு நான்கு முறை வந்ததைப் பதிவேட்டில் உங்களுக்குக் காட்டினேன்.

“சார், தங்கமுலாம் பின் போட்டா ஒரு தபா செலவோட முடிஞ்சிரும். இப்ப ரிப்பேருக்கே செட்டு வெலைக்கு மேல போய்கினு கீது,” என்றார் ஏகாம்பரம்.

நீங்கள் டீயை உறிஞ்சியபடி சொன்னீர்கள்: “செட்டு திரும்பி வந்தாத்தான்யா நமக்கு வேலை. வேலை வராம இருக்க நீ ஏன் வழி தேடுறே?”

அந்தச் செட்டை நம்பி மேலே ஒருவர் பறக்கிறார் என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவர் ஒருநாள் நேரிலேயே வந்தார். மேகத்துக்குள் ரேடியோ செத்துப்போய், எரிபொருள் தீரும் நேரத்தில் தட்டுத்தடுமாறித் தரையிறங்கிய விமானி. கத்தவில்லை. “இதை யார் பூட்டினது?” என்று மட்டும் கேட்டார். நீங்கள் ஏகாம்பரத்தைக் காட்டினீர்கள். “குடிச்சிட்டு வேலைக்கு வர்ற ஆளு சார்.” வெற்றிலைகூடப் போடாத மனிதர் ஏகாம்பரம். அன்று மாலையே அவரை வேலையைவிட்டு அனுப்பினீர்கள்.

மறுவாரம் என் பதிவேட்டைப் படியெடுத்து அந்த விமானிக்குத் தபாலில் அனுப்பினேன். ஆய்வுக்குழு வந்தது. பின்கள் மாறின. செட்டுகள் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றது. அதற்காக உங்களுக்குத்தான் கேடயம், பதவி உயர்வு. கூசாமல் வாங்கிக்கொண்டு, மேடையில் உப்புக்காற்றைப் பற்றியும் செலவு மிச்சத்தைப் பற்றியும் ஏகாம்பரத்தின் வார்த்தைகளிலேயே பேசினீர்கள்.

சேதி சொல்ல அவரைத் தேடிப் போனேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

“நல்லதாப் போச்சு. பறக்குறவன் உசுரு தப்பிச்சிது,” என்றார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “அன்னிக்கு நீயும் அங்கதானே நின்னுகினு இருந்தே, ஸ்டெல்லா? இவரு குடிக்கமாட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

உங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருவது அருவருப்புத்தான், சார். செத்தவர் என்பதற்காக அதில் ஒரு துளியும் குறைக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவள் நான். அதற்கு உங்கள்மேல் பழிபோட எனக்கு வழியில்லை.