யூன் மாதத்திலும் எரியும் ஃபேர்னஸ்

இல்-பிசார்
7 யூன்

அன்பு மகள் அனோஜினிக்கு,

மடு மாதாவின் தயவால் நீயும் மருமகனும் பேரன் பற்றிக்கும் மெல்பேர்ணில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பற்றிக்குக்கு இருமல் என்றாயே, மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தாயா? நான் சுகம். அப்பாவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. போனில் கதைத்தால் அவர் பக்கத்தில் வந்து நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

யூன் பிறந்து வெயில் வந்தும், குளிருக்கு வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் எங்கள் வீட்டில் எரிகிறது பிள்ளை. யன்னல் எல்லாம் திறந்துவிட்டும் நான் இடியப்பம் மாதிரி அவிகிறேன். நான் சூட்டைக் குறைத்தால் அப்பா பேந்து வந்து முப்பதில் வைக்கிறார். குழாய் வேலை செய்கிற அம்புறோஸ் அண்ணை ஃபேர்னஸுக்குள்ளே செப்புக் குழாய்ச் சுருள் ஒன்று பூட்டித் தந்தது உனக்குத் தெரியும்தானே, குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு எரிகிற அதே சூட்டில் தண்ணீரும் சூடாகித் தண்ணீர்த் தாங்கிக்கு வரும். வெயில் தொடங்கினால் ஃபேர்னஸை நிறுத்திவிட்டுத் தாங்கியின் கரண்ட் சுவிச்சைப் போடவேண்டும். அப்பா இப்போது நிறுத்த விடுகிறாரில்லை. விடிந்ததும் குழாயின் கீழ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணி நல்ல சூடு, பிள்ளை வரலாம் என்கிறார்.

மூன்று வருடத்துக்கு முந்தின மே மாதம் நீ கைக்குழந்தையோடு வந்து இறங்கினாய். பயணத்தில் பிள்ளை உடம்பெல்லாம் சத்தி எடுத்திருந்தான், கழுவக் குழாயைத் திறந்தால் சூடே இல்லாத பச்சைத் தண்ணீர். ஃபேர்னஸை நிறுத்தியிருந்தோம், சுவிச்சு போடவில்லை. நான் வாறதை இந்த வீட்டில ஒருத்தரும் நினைக்கேல்லை என்று அப்பாவைப் பார்த்துக் கத்திவிட்டு, புரோசார்ட்டில் மருமகனின் மாமி வீட்டுக்குப் போனாய். பிறகு நீ இந்த வாசல் மிதிக்கவில்லை.

அன்றைக்கு அவர் பூசைக்குப் போகும்போது, மறக்காமல் சுவிச்சைப் போடு என்று என்னிடம்தான் சொன்னார். ஓம் என்றேன், மறந்துபோனேன். நீ கத்தியபோது அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்து நின்றார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் வெட்கத்தில் உனக்குச் சொல்லவில்லை.

அவருக்கு மறதி வருத்தம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலையில் சாப்பிட்டது நினைவில்லை, பேரனின் பெயர் வருகுதில்லை, அந்தத் தண்ணீர் மட்டும் மறக்குதில்லை. இப்போது தன் பிழை என்றே நம்புகிறார். என் பிழை என்று அழுதழுது நாலு தரம் சொன்னேன். ஓம் என்று கேட்டுவிட்டு அடுத்த நாளும் ஃபேர்னஸ் எரிகிறதா என்று பார்க்கக் கீழே நிலவறைக்குப் போகிறார்.

ஞாயிறு பூசை முடிய நீ போன் எடு. எனக்குக் கோபமில்லை அப்பா, ஃபேர்னஸை நிப்பாட்டுங்கோ என்று உன் வாயால் சொல். வருவதாக இருந்தால் மட்டும் வாறன் என்று சொல். சும்மா சொல்லிவிடாதே, அதையும் அவர் மறக்கமாட்டார்.

ஃபேர்னஸ் நின்றாலும் தண்ணீர் சூடாக வரட்டும் என்று தாங்கியின் சுவிச்சை நான் இன்றைக்கே போட்டுவிட்டேன். பற்றிக்கின் நெற்றியில் எங்கள் இருவருக்காகவும் சிலுவை போட்டுவிடு. மாதா உங்களைக் காப்பாற்றுவா. கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள்.

உன் அம்மா
திரேசம்மா