ஒரே படம் இரண்டு இடத்தில்

என் அன்பு மூத்தவளுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. என் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன், போனில் பேசினால் அழுவேன், இல்லாவிட்டால் கத்துவேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மார்புப் புற்றுநோய் செல்கள் பரவாமல் ஒரு மருந்து தடுக்கிறது என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய கட்டுரையைப் பற்றித்தான். ஆயிரத்து நானூறு பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை ஆயிற்றே, ஏதோ பாராட்டு என்று நினைத்து அப்பாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்தேன், மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது. மருந்து போட்ட முதல் நாள் எடுத்த படத்தையே திருப்பி, ஓரத்தை வெட்டி, மூன்றாம் நாள் படமென்று போட்டிருக்கிறார்கள், அதனால்தான் செல்கள் நகராத மாதிரி தெரிகிறது என்று யாரோ புகார் செய்திருந்தார்கள். புகார் செய்தவர் பெயரை ஆசிரியர் சொல்லவில்லை. ஆனால் புகாரோடு இணைத்திருந்த மூலப் படங்களை இந்த உலகத்தில் உன் ஒருத்திக்குத்தான் நான் அனுப்பியிருந்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னோடு நாற்பது நிமிஷம் பேசினாய், ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றுகூடக் கேட்டாய், இதை மட்டும் சொல்லவில்லையே. "பெத்தவளுக்கே மக ஓலை அனுப்பிட்டாளே" என்று அப்பா என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே லேபில் உன் சித்தப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். கூடப் பிறக்காவிட்டாலும் பதினெட்டு வருஷம் எனக்கு வலதுகையாக இருந்தவர், நீங்கள் இரண்டு பேரும் சித்தப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தவர், மறுத்துவிடுவார் என்றுதான் நம்பினேன். அவரோ மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டே, "மூணாம் நாள் தட்டுல பூஞ்சை புடிச்சிருச்சுக்கா, திரும்பச் செய்ய நேரமில்ல, செஞ்சாலும் இதேதான வரப்போகுதுன்னு நெனச்சேன், ஒரு படந்தானே" என்றார். அதோடு விடாமல், "நீங்களும் பாத்துட்டுத்தானே அனுப்புனீங்க" என்று வேறு சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் முள்ளாகத் தைக்கிறது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை, அவரை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தேன், யாரையும் தொடவிடவில்லை. நான்கு முறையும் மூன்றாம் நாளில் செல்கள் தட்டில் கீறிவிட்ட இடைவெளியைத் தாண்டி வந்துவிட்டன, மருந்து அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் ஆய்வுக்காக இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, "எனக்கு வரவே மாட்டேங்குதும்மா" என்று மூன்று தடவை சொன்னாய். உன் கை சுத்தமில்லை, ஒழுங்காகச் செய் என்று மூன்று தடவையும் உன்னையே குறை சொன்னேன், படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியதும் உன் வாயை அடைக்கத்தான். உன் வாழ்க்கையில் ஒரு வருஷம் அதில் வீணானது. இதையெல்லாம் உணர்ந்த பிறகும், நான்காவது தடவை என்னிடமே வந்திருக்கலாமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது, நியாயமில்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

"திருத்தம்னு ஒரு வரி போட்டு முடிச்சிரலாமே மேடம்" என்றார் துறைத் தலைவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை, கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்லி எழுதிவிட்டேன். கட்டுரையை எழுதிய ஆறு பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம், சித்தப்பா போடவில்லை, லேபுக்கும் வருவதில்லை. அவர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, எனக்கும் நகர்த்தச் சொல்ல வாய் வரவில்லை.

செல்களுக்கு மணி பார்க்கிற மாதிரி உன் வயிற்றுக்கும் மணி பார்த்துச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், உன் பேர் விளங்க வேண்டும். ஒன்றை மறக்காதே, நீ எழுதுகிற ஆய்வேட்டில் என் கட்டுரையைக் குறிப்பிடும் இடத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று தெளிவாகப் போடு, அம்மாவாயிற்றே என்று பார்த்து என் பெயரை மறைத்துவிடாதே.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
அம்மா